பத்தாவது சொல்

அந்த இருக்கையை மட்டும் தொடவேண்டாம் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

தச்சர் கோ காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர்பாட்டுக்கு உப்புத்தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் எங்கள் பழைய யூத ஜெப ஆலயத்தில் திருப்பணி தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. பதினான்கு மாதமும் எனக்குத் தலைவலி.

ஹைஃபாவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் பாரிஸிலிருந்தும் யூதர்கள் வேலைக்கு வந்து குடியேறுகிறார்கள். சனிக்கிழமை காலையில் நிற்க இடமில்லை. சந்தோஷம்தான். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் ஒரு யோசனையோடு வருகிறார்கள்.

மின்தூக்கி வேண்டும். பெண்கள் மாடத்தின் பச்சைக் கிராதியை வெள்ளையாக்க வேண்டும். என் தாத்தா ரங்கூன் தேக்கில் செய்துகொடுத்த இருக்கைகளுக்கு மெத்தை வேண்டுமாம்.

"மெத்தை போட்டா எல்லாரும் தூங்கிடுவாங்க" என்றேன்.

"இப்ப மட்டும் முழிச்சிட்டா இருக்காங்க, அங்கிள்?" என்றாள் டாலியா.

அவள்தான் திருப்பணிக் குழுவின் தலைவி. ஹைஃபாக்காரி. இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம். அதற்குள் எனக்கே இந்தக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிறாள்.

மேடையைச் சுற்றியிருக்கும் பத்துப் பழைய இருக்கைகளை அப்படியே வைத்து, ஆள் குறைந்த காலத்தில் இடத்தைக் காத்த பத்துப் பேரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பது அவளுடைய ஏற்பாடு. வாசலுக்கு ஒரு பளிங்குக் கல்லும் வந்துவிட்டது. சாக்கில் சுற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அதில் ஒரே வரி: 'இங்கே பத்துப் பேர் கூடிய ஜெபம் ஒருநாளும் நின்றதில்லை.'

என் தந்தையின் வாக்கு அது. நின்றுவிடாமல் பார்த்துக்கொள் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவர். எங்கள் குடும்பத்தின் மானம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தகடுகள் ஒன்பதுதான் வந்திருந்தன.

"பத்தாவது யாரு அங்கிள்? பொறிக்கிறவர் மத்தியானத்தோட கடையைச் சாத்திடுவார்."

"மறந்துபோச்சு."

"உங்களுக்கா? ஐம்பத்தெட்டுல யார் வீட்டுக் கல்யாணத்துல சோறு குழைஞ்சுதுன்னு போன வாரம் சொன்னீங்களே!"

கோ சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாத்திலயும் இதுலதான் ஆள் அழுத்தி உக்காந்திருக்கார்" என்றார் கோ. "வலது கைப்பிடியைப் பாருங்க. எதுவோ உராசி உராசிக் கோடாவே விழுந்திருக்கு. பத்து நிமிஷம் தேய்ச்சாப் போயிடும்."

"சரி, நானே ஒண்ணு சொல்றேன்" என்றாள் டாலியா. "உங்க அப்பா பேரையே போட்டுடலாம். யாரு வந்து கேக்கப்போறா?"

யாரும் கேட்கப்போவதில்லை. தகடு வந்த ஒன்பது பேரில் மிச்சம் நான்தான்; மற்ற எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். பளிங்கும் நிற்கும், அப்பாவின் பெயரும் ஏறும்.

ஆட்டியிருப்பேன்.

கோ உப்புத்தாளை அந்தக் கோட்டின் மேல் வைத்து இழுத்தார்.

"நிறுத்துய்யா!" என்று கத்தினேன். இந்தக் கூரைக்குக் கீழே எண்பத்து நான்கு வருடத்தில் நான் கத்தியதில்லை.

"எழுதிக்கோ. கெஹர் சிங்."

டாலியாவின் பேனா நின்றது. கோ குனிந்து கைப்பிடியை மறுபடி பார்த்தார்.

"சீக்கியங்க போடுற இரும்புக் காப்பு" என்றார் மெதுவாக.

எழுபத்தொன்றாம் வருடம். அப்பா இறந்த மறுவாரம். மகன் பதினொரு மாதம், தினமும், தந்தைக்காகக் காடிஷ் ஜெபம் சொல்ல வேண்டும். பத்து யூத ஆண்கள் இல்லாமல் சொல்லக்கூடாது. பாதிக் குடும்பங்கள் லண்டனுக்கும் சிட்னிக்கும் கப்பலேறியிருந்தன.

எங்களில் ஆட்களை எண்ணுவதில்லை. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஒருவர் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக வைத்துக்கொண்டே போவார். அன்று சொன்னவன் நான். ஒன்பது சொல்லில் ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். பத்தாவதை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

இரவுக் காவல் முடிந்து காவலாளி வாசலில் நின்றிருந்தார்.

அந்தச் சொல்லை அவர்மேல் வைத்தேன்.

எட்டுப் பேரும் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கெஹர் சிங் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தலைப்பாகை இருந்ததால் தொப்பி தேடவேண்டிய வேலைகூட இல்லை. மறுநாள் கூப்பிடாமலே வந்தார். மழையிலும் வந்தார். அப்படி ஒன்பது வருடம்.

"அப்ப வாசல் கல்லு?" என்றாள் டாலியா.

"எடுத்துடு."

"உங்க அப்பாவுக்கு நீங்க சொன்ன காடிஷ்..."

"தெரியும். அதை எனக்கு நீ சொல்லவேண்டாம்."

அவள் தாளில் பெயரை எழுதினாள். எழுத்துச் சரியா என்று காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. பிறகு, மற்ற ஒன்பது பேருக்கும் கேட்டதையே கேட்டாள்.

"யாரோட மகன்னு போடணும், அங்கிள்?"

எங்களில் தந்தை பெயர் இல்லாமல் யார் பெயரையும் பொறிப்பதில்லை.

வாயைத் திறந்தேன்.

ஒன்பது வருடம், தினமும் காலையில், என் தந்தைக்காகவும் மற்றவர்களின் தந்தைமாருக்காகவும் அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய தந்தை யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.