பாம்பு மாசிலாமணியின் பக்கம்

பாம்பு பிடிக்கும் மாசிலாமணியின் இணையப் பக்கத்தில் இருந்தது அவர் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். ஆனாலும் அதற்குத் தலைகால் புரியாத பெருமை. குடியிருக்க இடம் தேடி இணையத்துக்குள் கிளம்பியது.

முதலில், இணையப் பக்கங்களை அடுக்கி வைக்கும் ஓர் அலமாரி கூப்பிட்டது. "என்கிட்ட இருந்துக்கோப்பா. யார் கேட்டாலும் உன்னை அப்படியே எடுத்து நீட்டிடுவேன். எனக்கு வேற வேலை தெரியாது."

"அலமாரியில கிடக்க நான் என்ன நோட்டீஸா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பக்கம், நேரே பெரிய சர்வரிடம் போனது. டிக்கெட் போடும் செயலிகளும் வங்கிச் செயலிகளும் குடியிருக்கும் இடம் அது.

"ஆளுக்கு ஒரு பதில் சொல்லணுமா? கணக்குப் போடணுமா?" என்று கேட்டது சர்வர்.

"ஒண்ணும் வேண்டாங்க. உங்க விலாசம் இருந்தா போதும்."

"சரி, இரு. ஆனா உன்னைத் தேடி யாரும் வரலைன்னா, உன் பகுதியில நான் தூங்கிடுவேன். எழுந்து தயாராக ஒரு நிமிஷம் ஆகும்."

"பெரிய இடம்னா அப்படித்தான் இருக்கும்" என்று பூரித்தது பக்கம்.

ஒருநாள் சமையலறையில் பாம்பைப் பார்த்த பெண் ஒருத்தி, ஸ்டூலில் ஏறி நின்று பக்கத்தைத் திறந்தாள். சர்வர் கொட்டாவி விட்டது. சோம்பல் முறித்தது. ஒவ்வொரு விளக்காகப் போட்டது. பிறகு பக்கத்தை ராஜ மரியாதையோடு அனுப்பி வைத்தது.

பக்கம் திரையில் வந்து கம்பீரமாக நின்றது. அதற்குள் அவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருந்தாள். தரையில் கிடந்த போனுக்கு முன்னால் பாம்பு மட்டும் தலையைத் தூக்கி, மாசிலாமணியின் நம்பரை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது.