கம்பி செய்த குற்றம்

"இடிதாங்கிக் கம்பி வெச்சும் இடி விழுந்திருக்கு. தப்பு உன்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார் ஜெகநாதன்.

வயர்மேன் அப்துல் வாஹித் காகிதத்தைத் தொடவில்லை. "போட மாட்டேன், சாப்."

மத்திய அந்தமானில் காட்டை வெட்டிச் சாலை போடும் முகாம் அது. புது இன்ஜினீயர் ஜெகநாதன் கப்பலை விட்டு இறங்கி மூன்றே நாள். நேற்று மத்தியானம் முகாமின் தகரக் கிடங்கில் இடி விழுந்திருந்தது.

"போடலேன்னா வேலை காலி. அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட் போய்ச் சேரு."

"போறேன். பொய் எழுத மாட்டேன். இடி விழாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"பின்னே எதுக்கய்யா கம்பி?"

"உங்க ஆபீஸ் கூரை ஓரத்துல தகரப் பீலி இருக்கே, அது மழையை நிறுத்துதா? விழுற தண்ணியைச் சுவத்துல படாம கீழே இறக்குது. கம்பியும் அதான். உச்சியில விழுற பிஜ்லியைச் செம்புப் பட்டை வழியா நேரா மண்ணுக்குள்ள அனுப்புது. அதுக்குத்தான் ஆளுயரக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, தகடு புதைச்சேன்."

ஜெகநாதன் ஒரு வண்ண நோட்டீஸை விரித்தார். "மெட்ராஸ் ஏஜெண்ட் குடுத்தது. படத்துல இருக்கிற இந்தக் கம்பிக் குடையைக் கூரை மேலே மாட்டினா இடி கிட்டவே வராதாம். உன் பட்டையைக் கழட்டிப் போடு."

"மேகம் இந்த நோட்டீஸைப் படிச்சிருக்கா, சாப்?"

"வாய் ஜாஸ்தி உனக்கு."

"இருக்கட்டும். நான் இருக்கிறவரைக்கும் பட்டையில யாரும் கை வைக்க முடியாது."

"அப்போ மேலிடத்துக்கு நானே எழுதறேன்."

"நீங்க எதுக்கு? நடந்ததை நானே எழுதறேன்." வாஹித் பேனாவை எடுத்தார். "இடி விழுந்ததுக்கு சாட்சி யாரு?"

"நான்தான். மழைக்குக் கிடங்குல ஒதுங்கினேன். காவல்காரன் சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே தார்ப்பாய் மூடின பெட்டி மேலே உட்கார்ந்திருந்தேன். சரியா என் தலைக்கு மேலே விழுந்தது. காது இன்னும் அடைச்சிருக்கு."

வாஹித் அதை அப்படியே எழுதினார். கீழே தானாக ஒரு வரி சேர்த்து, காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார்.

ஜெகநாதன் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

'மேற்படி பெட்டியில் இருந்தது: பாறை உடைக்கும் டைனமைட்.'