பிரேதக் காவல்

கிணற்றடி வேப்பமரத்தின் நிழல் சுருங்கிக்கொண்டே வருகிறது. தார்ப்பாய்க்கு வெளியே நீண்டு கிடக்கும் சடையிலிருந்து தண்ணீர் இன்னும் கசிகிறது. அதோடு சிக்கிக் கிடக்கிறது கம்பெனி அடையாள அட்டையின் நீல நாடா. காலையில் கிணற்றிலிருந்து எடுத்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவிலிலிருந்து போலீஸ் வரும்வரை பிரேதத்தை யாரும் தூக்கிவிடாமல் காப்பது தலையாரியின் வேலை. "தலையாரி எங்க?" என்று கேட்டபடி வந்த, செத்துப்போன பிள்ளையின் அண்ணன், சண்முகக்கனிக்குப் பின்னால் ஆம்பிளை யாரும் வருகிறானா என்று எட்டிப் பார்க்கிறான். "நான்தான்" என்கிறாள் அவள். பழைய தலையாரி என்றால் இந்நேரம் டீ குடிக்கப் போயிருப்பார். திரும்பி வரும்போது சாம்பல்தான் இருந்திருக்கும். பாடைகூடக் கட்டி, டிராக்டரில் தயாராகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். "இது பொம்பள பாக்க வேலையில்லக்கா. வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போங்க. நாங்க பாத்துக்கிடுதோம்." அவன் முன்கையில் மூன்று நகக்கீறல்கள், இன்னும் காயவில்லை. அவள் பார்ப்பதைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். சண்முகக்கனி தார்ப்பாயை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

"அம்மையக் கூட்டியாங்கலே" என்கிறான் அவன். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். "எம்புள்ளய விட்டுரு தாயி, நாங்க கொண்டு போயிருதோம்" என்று ஊர் கேட்க அலறியபடி அந்த அம்மாள் சண்முகக்கனியின் மடியில் விழுகிறாள். முகம் சேலைக்குள் புதைந்ததும் குரல் மூச்சளவுக்குத் தாழ்கிறது.

"எந்திரிச்சிராத மக்கா."