இரட்டை விழுந்த காசு

கணவன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டை.

அவள் காபித் தம்ளர்களை மேசை ஓரத்தில் வைத்தாள். எதிர் நாற்காலியில் தாரிணி. நாணயச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள். தாரிணி கொண்டுவந்த இரண்டு ரூபாய்க் காசுதான் லென்ஸின் கீழே கிடந்தது. அதில் எழுத்துகள் இரட்டையாக விழுந்திருந்தன.

"அசல்தான் தாரிணி," என்றான். "அச்சிலயே இரட்டை. பத்திரமா வச்சுக்குங்க."

தாரிணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, நீங்களும் பாருங்களேன்."

அவள் குனிந்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்யாணமானதிலிருந்து இந்த மேசையருகே காதில் விழுந்ததுதான். அச்சே இரட்டையாக அமைந்திருந்தால் இரண்டு கோடுகளும் உருண்டு, ஒரே உயரத்தில் நிற்கும். முனையில் சின்னப் பிளவு தெரியும். காசு அடிக்கும்போது அச்சு அசைந்திருந்தால் இரண்டாவது கோடு படி மாதிரித் தட்டையாக நசுங்கியிருக்கும். அதற்கு மதிப்பில்லை. கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கலாம்.

லென்ஸுக்குள் ஒரு படி தெரிந்தது.

தட்டையாக.

நிமிர்ந்தாள். காபியில் ஆவி அடங்கியிருந்தது. அவன் இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தான்.

காசு விஷயத்தில் யாருக்காகவும் பொய் சொல்லாதவன். மாப்பிள்ளை விருந்தன்று அவளுடைய அப்பா ஆசையாக நீட்டிய காசைக்கூட, "இது சும்மா அசைவு மாமா" என்று திருப்பிக் கொடுத்தவன்.

"அழகா இருக்கு," என்றாள் தாரிணியிடம்.

அவன் வாசல்வரை போய் வழியனுப்பினான். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அவள் அடுக்களைக்குப் போனாள். கடுகு டப்பாவுக்குள் வெகுநாளாக ஒரு காசு கிடந்தது. எப்போதோ சில்லறையில் வந்தது. எழுத்துகள் இரட்டையாக.

அதுவும் படிதான். கிடைத்த அன்றே தெரியும். அதனால்தான் அவனிடம் காட்டியதில்லை.

எடுத்தாள். கழுவவில்லை. கழுவக் கூடாது என்பதும் தெரியும்.

அவன் மேசைக்குத் திரும்பியிருந்தான்.

"இதையும் கொஞ்சம் பாருங்க."

குனிந்தான்.

அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசல் என்று சொல்லிவிடேன். ஒரே ஒரு தடவை.

அவன் நிமிரக்கூட இல்லை.

"சும்மா அசைவு. பால்காரர்கிட்ட கொடுத்துடு."