மூன்று பேர் சோபா

"உங்க சோபாவே எங்களுக்குச் சொல்லிடுச்சு, டீச்சர்," என்றான் புகாரைப் பார்க்க சோபா கடையிலிருந்து வந்த அருள்தாஸ். "மூணு பேர் உட்கார்ற சோபா. நீங்க ஒரே ஓரத்துலயே உட்கார்ந்திருக்கீங்க. அதான் அமுங்கிடுச்சு. தப்பு உங்க மேல. மாத்தித் தர முடியாது."

"அப்போ மத்த ரெண்டு பேரையும் நீங்களே சேர்த்து அனுப்பியிருக்கணும்," என்றார் எமல்டா டீச்சர்.

அவன் சிரித்தான். ஆனாலும் கடை விதிப்படி சோபாவின் மற்ற இரண்டு இடங்களிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து சோதித்தான். அதற்குள் டீச்சர் காபி கொடுத்து, அவன் மகளின் படிப்புவரை விசாரித்துவிட்டார்.

"அப்பீல் பண்ணலாமா?" என்று கேட்டார்.

"எத்தனை வேணா பண்ணலாம், டீச்சர். ஒவ்வொரு தடவையும் நான்தான் வந்து உட்காரணும். ஆனா சோபா கிடைக்காது."

"சோபா கெடக்கட்டும். நாளைக்கே என் பேர்ல ஒரு அப்பீல் போட்டுக்கோ. மகளையும் கூட்டிட்டு வா."