பின்னால் வந்த படகு

"அக்கா, ஒடிச்சுத் திருப்பு! உன் சம்பந்தி குறுக்கே வர்றார்!"

தம்பி அலறிய அலறலில் அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, இன்ஜினை நிறுத்தினாள். இரண்டு படகுகளும் மயிரிழையில் தப்பின. அதற்குள் மற்ற படகுகள் சீறிக்கொண்டு கடந்துபோயின.

பந்தயத்தின் எல்லையான வெற்றி மிதவை கூப்பிடு தூரத்தில் இருந்தது. தொடக்கம் முதல் முன்னணியில் வந்தவள் அவள்.

"சம்பந்தம் பண்ணின வீடுன்னுகூடப் பார்க்காம இப்படியா வயித்தெரிச்சல் படுவீங்க? பின்னாடியே கையை ஆட்டி ஆட்டிக் கேலி பண்ணினீங்க. அது பலிக்கலைன்னதும் குறுக்கே விட்டுட்டீங்களா?"

சம்பந்தி அவளுடைய படகுக்குத் தாவினார்.

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க சம்பந்தியம்மா. முதல்ல இன்ஜின் மூடியைத் திறங்க."

"எதுக்கு? சூடு காட்டுற முள்ளு நட்ட நடுவுல நிக்குது. சூடே ஏறலை!"

"இன்ஜின் சூடாகலை. புகைக்குழாய் வெந்துட்டிருக்கு. புகையோட சேர்ந்து தண்ணியும் வெளியே கொட்டணும் இல்லையா? ஒரு சொட்டுகூட விழலை. அது பின்னால வர்றவன் கண்ணுக்குத்தானே தெரியும்? அதைச் சொல்லத்தான் கையை ஆட்டினேன்!"

தம்பி மூடியைத் தூக்கினான். ரப்பர் கருகிய நாற்றம் குப்பென்று முகத்தில் அறைந்தது. புகைக்குழாய்க்குள் கடல்நீரைச் செலுத்தும் சிறுகுழாய் கழன்று, படகின் அடியில் நீரைக் கொட்டியிருந்தது. குளிர்விக்க நீரில்லாத ரப்பர்ப் புகைக்குழாய் கொப்புளித்து, ஓரிடத்தில் கனன்றுகொண்டிருந்தது.

வாளி நீரை அதன்மேல் ஊற்றியபடியே அவன் பொருமினான்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா படகே பத்திக்கிட்டிருக்கும். குழாயைப் பிடிச்சிருக்கிற துருப்பிடிச்ச கிளிப்பை மாத்தலாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே அக்கா! பெயின்ட் அடிச்சு மறைச்சுடுன்னு நீதானே சொன்னே?"

கிளிப்புகளைப் புதிதாக மாற்றிவிட்டதாகப் பந்தய அதிகாரியிடம் கூசாமல் சொன்னவளும் அவளே. உண்மை வெளிப்பட்டால், பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமம் பறிபோகும். அந்தப் படகுதான் அவள் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அதிகாரியின் படகு உறுமிக்கொண்டு வந்து நின்றது. சம்பந்தி சட்டென்று மூடியைக் காலால் சாத்தி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எதுக்காகக் குறுக்கே விட்டீங்க? இனிமே எந்தப் பந்தயத்துலயும் உங்களைச் சேர்க்க மாட்டோம், தெரியும் இல்லையா?"

"தெரியும் சார்," என்று தலைகுனிந்தார் சம்பந்தி. "பொறாமைதான். அவங்க ஜெயிக்கிறதைப் பார்க்கப் பொறுக்கலை."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கடலைப் பார்த்தாள்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அவர் மேல புகார் கொடுக்குறீங்களா?"

"கொடுக்குறேன் சார். இவர் சொல்றது அத்தனையும் பொய்!" என்றவள், சம்பந்தியை விலக்கிவிட்டு, மூடியைத் தன் கையாலேயே திறந்தாள்.