நோலீன் கேட்ட சத்தம்

"இது இல்ல. இன்னும் அடித்தொண்டையில இருந்து வரணும்," என்றார் நோலீன்.

வாரன் இன்ஜினை அணைத்தான். காலையிலிருந்து மாட்டிக் கழற்றியதில் இது மூன்றாவது சைலன்சர். ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரில், ஜனவரிக் கோடை வெயிலில் பட்டறையின் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது.

நோலீனுக்கு அறுபது தாண்டியிருக்கும். போன வாரம்தான் இந்தப் பழைய வி8 கமடோர் காரை வாங்கினாராம். புகைக்குழாயையும், முன்னால் காற்றை இழுக்கும் குழாயையும் மாற்றித் தரச் சொல்லி வந்திருந்தார். இந்த வயதில் வருகிற பெண்கள் சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். இருபது வருடமாகக் குழாய் வளைக்கும் வாரனுக்கே இது புதிது.

"உட்காருங்க நோலீன். டீ போட்டுத் தர்றேன்."

"உட்கார முடியல. நீங்க அடுத்தத மாட்டுங்க."

வண்டியை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். பார்த்துக்கொண்டிருந்த வாரனுக்கே கால் பரபரத்தது.

வண்டி தூக்கும் பக்கத்து லிஃப்டில் வேலை செய்துகொண்டிருந்த தம்பி ட்ரெண்ட், அண்ணனைச் சைகை காட்டித் தனியாகக் கூப்பிட்டான்.

"அந்தம்மாவ அனுப்பிவிடு வாரன். இப்படி ஒரு சத்தத்தோட ரோட்டுல ஏறினா முதல் சிக்னல்லயே போலீஸ் மடக்குவான். பேரு கெடறது நம்மளுது."

"சத்தம் பத்தலன்னு வர்ற அத்தனை பேருக்கும் சிரிச்சுக்கிட்டே மாட்டிக் கொடுக்கறவன் நீ. இன்னிக்கு என்ன புதுசா சட்டம் பேசற?"

"தலைவலி. அவ்வளவுதான்."

ட்ரெண்ட் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். வாரன் குறைக்கச் சொன்னான். அரை நிமிஷத்தில் அது மறுபடி ஏறியது.

நோலீன் எதையும் கவனிக்கவில்லை. "நான் ஏறி இறங்கற நாலாவது பட்டறை இது. மத்த மூணு பேருக்கும் வரல," என்றார்.

"அப்படி என்ன சத்தம் அது?"

"கெவின், என் வீட்டுக்காரர், போய் எட்டு மாசமாச்சு. அந்தச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகல. படுத்தா கேக்குது, பாத்திரம் கழுவினா கேக்குது. இன்னொரு தடவ நிஜமா கேட்டுட்டா நிம்மதியாயிடும்."

வாரனுக்கு மனசு இளகிவிட்டது. "கெவினோட வண்டில என்ன குழாய் இருந்துச்சுன்னு தெரிஞ்சா சுலபமா முடிச்சிடலாம்."

"என்ன குழாய்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்படி அலையறேன்?" என்று எரிந்து விழுந்தவர் உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "முன்பக்கம் ஒரு உறிஞ்சல் இருக்கும். மில்க் ஷேக் தீர்ந்தப்புறம் ஸ்ட்ராவால உறிஞ்சற மாதிரி. கால எடுத்தா பின்னாடி மூணு தடவ இருமும்."

வாரன் நெற்றியைத் தேய்த்தான். பிறகு, கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியை முழுசாகக் கழற்றிவிட்டு, மூடியில்லாத ஃபில்டரை வைத்தான். நடு சைலன்சரை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் நேர்க்குழாயைப் பற்றவைத்தான். வால்பக்கம் சின்னதாக இரண்டு சைலன்சர்களை மாட்டினான். ட்ரெண்ட் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான்.

"சாப்பிடப் போகலாமா?" என்றான்.

"பதினோரு மணிதான் ஆகுது. நீ போ."

ஆனால் அவன் போகவில்லை.

வேலை முடிந்ததும் வாரன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். நோலீன் கண்களை மூடிக்கொண்டார்.

"அழுத்துங்க."

அழுத்தினான்.

"இப்ப கால எடுங்க."

குழாய் மூன்று தடவை இருமியது.

"மறுபடி அழுத்துங்க. முன்னவிட வேகமா."

பட்டறையே அதிர்ந்தது. நோலீன் தூணைப் பிடித்துக்கொண்டார். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. "இதுதான்," என்றார். "போதும், நிறுத்துங்க."

வாரன் இறங்கி வந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் செய்து மனம் நிறைந்திருந்தது. "உங்க கெவின் ரசனையான ஆளுதான் போங்க. இப்படியொரு வண்டிய ஓட்டியிருக்காரே."

"டிராக்டரைத் தவிர அவர் எதையும் ஓட்டினதில்ல."

வாரனுக்குப் புரியவில்லை.

"மே மாசம், ஒரு சாயங்காலம். தபால் எடுக்க ரோட்டோரப் பெட்டி வரைக்கும் போனார். நான் வராந்தாவில நின்னேன். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல கரும்பு. ரோடு கண்ணுலயே படல, காதுல மட்டும் விழுந்துச்சு." நோலீன் கண்களைத் துடைத்துக்கொண்டார். "வந்தான். கால எடுத்தான். இடிச்சான். இறங்கிப் பாக்காம மறுபடி அழுத்திட்டுப் போயிட்டான். உடைஞ்ச விளக்குக் கண்ணாடிய வச்சு, இந்த மாடல் வண்டின்னு மட்டும் போலீஸ் சொன்னாங்க. அந்த மாடல் இந்த ஜில்லா பூரா இருக்கு. இந்தச் சத்தம் எத்தன வண்டிக்கு இருக்கும்?"

பக்கத்து லிஃப்டில் ரேடியோ நின்றிருந்தது.

"சொல்லுங்க வாரன். இதே மாதிரி வேற யாருக்கு மாட்டிக் கொடுத்தீங்க?"

வாரன் திரும்பிப் பார்த்தான். ட்ரெண்ட் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"ஒரே ஒரு வண்டிக்குத்தான்," என்றான். "மே மாசக் கடைசியில என் தம்பி அவன் வண்டிய அவசரமா வித்தான், அதுக்கு."